நாய்க்கு அடித்த யோகம்

யோகம் என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. பதஞ்சலி முனிவர் சூத்திரம் வகுத்தாரே, அந்த யோகம் ஒன்று. எதிர்பாராத விதமாக உத்தியோக உயர்வு பெற்றவனைப் பார்த்து, "அவனுக்கு யோகம் அடித்தது, ஐயா!" என்று எதிர் வீட்டுக்காரர் பெருமூச்சு விடுகிறாரே, அந்த யோகம் மற்றொன்று. முதல் யோகத்தைத் தேடி ரிஷிகள் காட்டுக்குப் போனார்கள். இரண்டாவது யோகத்தைத் தேடி நாம் ஜோசியரிடம் போகிறோம். இரண்டுமே இலேசில் கிட்டுவதில்லை. ஆனால் இந்த நூற்றாண்டில் ஒரு ஜீவனுக்கு மட்டும் இரண்டு யோகமும் ஒருங்கே அடித்திருக்கிறது. அந்த ஜீவன் வேறு யாரும் அல்ல; நம் வாசற்படியில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும் நாய்தான்.

இந்த அதிசயச் செய்தியை எனக்கு முதன் முதலில் தெரிவித்தவள் என் தம்பியின் மகள். நியூயார்க் நகரில் உத்தியோகம் பார்க்கிறவள். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டே, "பெரியப்பா! எங்கள் ஊரில் நாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோகாசனம் செய்கிறார்கள், தெரியுமா? அதற்கு 'டோகா' என்று பெயர்" என்றாள்.

"என்ன பெயர் சொன்னாய்?"

"டோகா. இங்கிலீஷில் நாய்க்கு 'டாக்' அல்லவா? அதையும் யோகாவையும் சேர்த்து..."

"போதும், அம்மா! நன்னூலில் சொல்லாத புணர்ச்சி விதி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டு வெகு நேரம் சிரித்தேன். 'நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்' என்று தொடங்கும் பழமொழி நம்முடையது. அந்த நாயை நடு வீட்டில் பத்மாசனத்திலேயே உட்கார வைக்கப் பார்க்கிறார்களே என்று நினைத்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண் நான் சிரித்து ஓயும் வரையில் காத்திருந்தாள். பிறகு, "அது இருக்கட்டும், பெரியப்பா. இந்த வீட்டில் மணியுடன் யார் பேசுகிறார்கள்?" என்று கேட்டாள்.

என் சிரிப்பு அதோடு நின்றது.

மணி எங்கள் வீட்டு நாய். என் மனைவியின் நாய் என்று சொல்வது இன்னும் பொருத்தம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் திண்ணை ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த செம்மண் நிறக் குட்டியை அவள்தான் புடவைத் தலைப்பால் துடைத்து உள்ளே எடுத்து வந்தாள். குலம் கோத்திரம் தெரியாத தெரு நாய். அவளுக்கும் அவனுக்கும் நாள் முழுவதும் சம்பாஷணை நடக்கும். நான் பத்திரிகைக்குப் பின்னால் இருந்துகொண்டு அதைக் காதில் வாங்கிக்கொள்வதோடு சரி. சென்ற ஆண்டு தை மாதத்தில் அவள் காலமானாள். அதன் பிறகு எனக்கும் மணிக்கும் உள்ள உறவு, ஒரே சத்திரத்தில் தங்க நேர்ந்த இரண்டு வழிப்போக்கர்களின் உறவாக இருந்தது. வேளைக்கு நான் சோறு வைப்பேன், அவன் சாப்பிடுவான். மாலை ஐந்து மணிக்கு அவன் வாசல் கேட்டுக்குப் போய் உட்காருவான். அவள் கபாலி கோயிலிலிருந்து திரும்பி வருகிற நேரம் அது. ஏழு மணிக்கு எழுந்து உள்ளே வருவான். நான் அவனைக் கூப்பிட்டதும் இல்லை. அவன் என்னிடம் வந்ததும் இல்லை.

ஆகவே, சிரிப்பதை விட்டுவிட்டு இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரிக்கலானேன். விசாரித்ததில் தெரிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

\* \* \*

யோக சாஸ்திரத்தில் மிருகங்களுக்குக் குறைவே இல்லை. 'கேரண்ட சம்ஹிதை' என்னும் ஹடயோக நூல், உலகில் எத்தனை ஜீவராசிகள் உண்டோ அத்தனை ஆசனங்கள் உண்டு என்கிறது. எண்பத்து நான்கு லட்சமாம்! அவற்றில் 84 சிறந்தவை. அந்த எண்பத்து நான்கிலும் 32 மனிதர்களுக்குப் போதும் என்று நம் மீது இரக்கம் காட்டி, அந்த முப்பத்திரண்டை மட்டும் விவரிக்கிறது. சிங்கம், பாம்பு, மீன், மயில், ஆமை, தவளை, ஒட்டகம், முதலை, வெட்டுக்கிளி ஆகிய எல்லாம் அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. சேவல் கூட இருக்கிறது. நாய் மட்டும் இல்லை.

ஒரு வேளை முனிவருக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் இருந்திருக்கலாம். பௌத்தர்களுடைய மஜ்ஜிம நிகாயத்தில் 57-வது சூத்திரம் 'குக்குரவதிக சுத்தம்' என்பது. குக்குரம் என்றால் நாய். சேனியன் என்னும் ஒரு துறவி நாயைப் போலவே வாழ்வதை விரதமாகக் கொண்டிருந்தான். தரையில் எறிந்த உணவைத்தான் உண்பான். நாயைப் போலவே சுருண்டு படுப்பான். அவனுடைய தோழன் புத்தர் பெருமானிடம் சென்று, இவ்வளவு கடுமையான விரதத்துக்கு என்ன பலன் என்று கேட்டான். பெருமான் இரண்டு முறை, "கேட்காதே" என்று தடுத்தார். மூன்றாம் முறையும் விடாமல் கேட்கவே, இந்த விரதத்தைக் குறைவறச் செய்து முடிப்பவன் மறு பிறவியில் நாய்களோடு நாயாகப் பிறப்பான் என்று சொன்னார். சேனியன் அழுதுவிட்டான். நாயைப் போல் நடிப்பதில் ஞானம் இல்லை என்பது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே முடிவான சங்கதி.

இருந்தாலும் நாய்க்குரிய இடம் பின்னால் கிடைத்தது. கிடைத்த இடம் நமக்கு அண்டை ஊரான மைசூர். அங்கே ஜகன்மோகன அரண்மனையில் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோக சாலை நடத்திவந்தார். 1934-ல் கன்னடத்தில் அவர் வெளியிட்ட 'யோக மகரந்தம்' என்ற நூலில் 'அதோமுக ஸ்வானாசனம்' இடம் பெற்றிருக்கிறது. ஸ்வானம் என்றாலும் நாய்தான். கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தி, தலையைத் தாழ்த்தி நிற்பது. தூங்கி எழுந்த நாய் முன்னங்கால்களை நீட்டி, பின் பக்கத்தைத் தூக்கி, முதுகை நெளித்துச் சோம்பல் முறிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். நாய் இதைக் குருவில்லாமல் கற்றிருக்கிறது; நமக்குத்தான் வாத்தியார் வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணமாச்சாரியாரின் சிஷ்யர் பி. கே. எஸ். ஐயங்கார் 1966-ல் இங்கிலீஷில் வெளியிட்ட புத்தகம் இந்த ஆசனத்தை உலகமெங்கும் கொண்டு போயிற்று. அதற்கும் முன்னதாகவே, மைசூரில் பயின்ற இந்திரா தேவி என்னும் ஐரோப்பியப் பெண்மணி 1947-ல் அமெரிக்கா சென்று, ஹாலிவுட்டில் சினிமா நட்சத்திரங்களுக்கு யோகம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். ஆச்சாரியார் பின்னர் சென்னைக்கே வந்து, 1989-ல் நூறாண்டு கடந்து காலமாகும் வரையில் இங்கேயே வாழ்ந்தார்.

நம் பருத்தி கப்பலேறி மான்செஸ்டருக்குப் போய், மல் துணியாகத் திரும்பி வந்த காலம் ஒன்று உண்டு. யோகமும் அவ்விதமே கடல் கடந்து போயிற்று. போன இடத்தில் அதற்குப் பல புதிய உடுப்புகள் தைத்துப் போட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் டோகா. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் சூசி டீட்டில்மன் என்ற யோக ஆசிரியை வீட்டில் ஆசனம் செய்யும்போதெல்லாம் அவருடைய நாய் பாய் மேல் வந்து சேர்ந்துகொள்ளுமாம். அதை விரட்டாமல், அதையும் சேர்த்துக்கொண்டு செய்தால் என்ன என்று தோன்றியது அவருக்கு. வகுப்புகள் ஏற்பட்டன. 2003-ல் இதைப் பற்றி ஒரு படப் புத்தகமும் அமெரிக்காவில் வெளியாயிற்று. 2016 ஜனவரியில் ஹாங்காங்கில் 270 நாய்கள் தங்கள் எஜமானர்களுடன் ஒரே இடத்தில் கூடி டோகா செய்து, கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றன. ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் ஜூன் 21-ந் தேதியைச் சர்வதேச யோக தினமாக அறிவித்தது. 2019-ம் வருஷத்து யோக தினத்தன்று நம் இந்திய ராணுவத்தின் நாய்ப் பிரிவும் வீரர்களோடு வரிசையாக அணிவகுத்து ஆசனம் செய்த படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன.

நிற்க.

\* \* \*

மறுநாள் விடியற்காலையில் நானும் ஒரு பாயை விரித்தேன். என் வயது அறுபத்தெட்டு. என் முதுகெலும்பு எனக்கு அடங்கி நடந்து எவ்வளவோ காலம் ஆகிறது. ஆயினும், ஏதோ ஒரு படத்தில் பார்த்தபடி மணியை முன்னால் உட்கார வைத்து, அவனுடைய முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கினேன்.

மணி கொட்டாவி விட்டான்.

"பார்த்தாயா, அம்மா! யோகம் என்றதுமே இந்தச் சோம்பேறிக்குத் தூக்கம் வந்துவிட்டது" என்றேன். மணி மூக்கை ஒரு தரம் நக்கிக்கொண்டான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நான் இன்னும் சற்று உயரத் தூக்கினேன்.

"விட்டுவிடுங்கள், பெரியப்பா!" என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். "அது தூக்கக் கொட்டாவி அல்ல. 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று மணி உங்களிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. நாலாம் தடவை பல்லால் சொன்னால், 'நாய் கடித்துவிட்டது' என்பீர்கள்."

அன்று அவளிடம் நான் பாடம் கேட்டுக்கொண்டேன். நாயின் பாஷையில் அகர வரிசை இதுவாம்: தூக்கம் இல்லாத வேளையில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொள்வது, காதுகளைப் பின்னால் மடிப்பது. இவையெல்லாம் மனம் சஞ்சலப்படுவதற்கு அடையாளங்கள். ஒன்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இந்த அரிச்சுவடியை நான் படிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன். மனிதனுக்குத் தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு ஒன்று உண்டு. நாய்க்கு அது பெயரளவில்தான். அதன் முன்னங்கால்கள் உடம்போடு தசைகளால் மாத்திரம் கட்டப்பட்டிருக்கின்றன. முன்னும் பின்னும் வீசி ஓடுவதற்காக அமைந்த கால்கள் அவை. பக்கவாட்டில் விரிப்பதற்கும் பிடித்துத் தொங்கவிடுவதற்கும் ஏற்பட்டவை அல்ல. நாயைப் பின்னங்காலில் நிறுத்தினால் நாலு காலில் பரவ வேண்டிய பாரம் முதுகெலும்பிலும் இடுப்பிலும் இறங்குகிறது. வயதான நாய்க்கும், முதுகு நீண்டு கால் குட்டையான ஜாதி நாய்களுக்கும் அதனால் பெருந்தீங்கு நேரலாம். என் முதுகு வலியைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மணிக்கும் ஒரு முதுகு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் என் புத்தியில் பட்டது.

அப்படியானால் நாயோடு யோகம் செய்வது எப்படி? அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த முறை மிகவும் எளிது. செய்து பார்க்க விரும்பும் குடும்பங்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

நேரம், விடியற்காலை. நம் ஊர் வெயில் ஏறிய பிறகு வேண்டாம். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கட்டும். சாப்பிட்ட உடனே கூடாது. இது இரு தரப்பாருக்கும் பொருந்தும். தரை வழுக்கலாக இருந்தால் நாய்க்கென்று ஒரு ஜமுக்காளம் தனியே விரித்துவிடுங்கள். அறையின் கதவு மட்டும் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். நாய் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதுதான் இந்த வித்தையின் முதல் விதி.

முதல் சில நாட்கள் நாயைக் கூப்பிடவே வேண்டாம். நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைக் காட்டிலும் மெதுவாக விடுங்கள். தரையில் சமமாக உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்தால் நாய்க்குத் தானாகவே ஓர் ஆவல் உண்டாகும். நாற்காலி மனிதர்களையே நாள் முழுவதும் அண்ணாந்து பார்க்கும் பிராணி அல்லவா? அது வந்தால் வரட்டும். வந்து பக்கத்தில் படுத்தால் ஒரு கையை அதன் விலாவின் மேல் இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம், தலையில் தட்ட வேண்டாம். ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான நாய் நிமிஷத்துக்கு முப்பது தடவைக்கு உட்பட்டு மூச்சு விடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கையால் கவனித்துக்கொண்டு உங்கள் மூச்சை விடுங்கள். அவ்வளவுதான் பிராணாயாமம்.

பிறகு நீங்கள் காலை நீட்டிக் குனியலாம், பக்கவாட்டில் திரும்பலாம், கடைசியில் சவாசனத்தில் படுக்கலாம். நாயை எந்த நிலையிலும் பிடித்து வைக்கக் கூடாது. அது சோம்பல் முறித்தால் அதுதான் அதற்கு ஆசனம். சவாசனத்தில் அது நம்மைத் தோற்கடித்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலில் நோவு உள்ள நாய், கர்ப்பமாக உள்ள நாய், தொட்டால் முனகுகிற நாய் ஆகியவற்றை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியை வருஷந் தவறாமல் போட்டுக்கொண்டு வருவதும், பூச்சி மருந்து கொடுப்பதும், நகங்களை வெட்டிவிடுவதும் பாயை விரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய நியமங்கள்.

\* \* \*

முதல் மூன்று நாட்கள் மணி கூடத்தின் கோடியில் உட்கார்ந்து என்னைச் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னங்காலைப் பிடித்துத் தூக்கிய ஆசாமியை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட முடியுமா? நாலாம் நாள் எழுந்து போய்விட்டான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பெண், "அவன் போனதும் நல்லதுதான், பெரியப்பா. போகலாம் என்று தெரிந்தால்தானே வரவும் தோன்றும்?" என்றாள்.

அவள் ஊருக்குத் திரும்பிப் போன மறுநாள், எட்டாம் நாள் என்று நினைக்கிறேன், நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பாயின் ஓரம் சற்று அசைந்தது. கண்ணைத் திறக்கவில்லை. சிறிது நேரத்துக்கெல்லாம் என் முழங்காலில் ஒரு பாரம் வந்து விழுந்தது. பார்த்தேன். மணி தன் மோவாயை என் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜப்பானில் அஸாபு சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி உண்டு. நாயும் அதன் எஜமானரும் ஒருவரையொருவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடலிலும் 'ஆக்ஸிடோசின்' என்னும் சுரப்பு அதிகரிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பாசத்தில் பங்கு பெறும் சுரப்பு அது. மனிதர் கையால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இந்த விளைவு காணப்படவில்லையாம். அந்த விஞ்ஞானிகள் எங்கள் கூடத்துக்கு அன்று வந்திருந்தால் எதை அளந்திருப்பார்களோ, அறியேன். பதினாறு மாதங்களாக இரண்டு பேரும் ஒரே மனுஷியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கிற்று.

\* \* \*

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் சென்ற வாரம் நண்பர் ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "நீர் நாய்ப் பைத்தியம் ஆகிவிட்டீராமே! இதோ பாரும், குட்டிகளோடு யோகா! கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரம். குட்டிகளையும் அவர்களே கொண்டு வருகிறார்கள்" என்றார். இது மேல் நாடுகளில் சில ஆண்டுகளாகப் பிரசித்தமாகி, நம் பெருநகரங்களிலும் புகுந்திருக்கும் வியாபாரம். இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாய்க்குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டிய ஜீவன். தடுப்பூசிகள் முழுதும் போட்டு முடியாத வயதில், முன்பின் தெரியாத இருபது பேர் மாற்றி மாற்றித் தூக்குவதற்கும், படம் எடுப்பதற்கும் அதைக் கொண்டு வருகிறார்கள். 2023-ல் இங்கிலாந்தில் ஐ.டி.வி. செய்தி ஸ்தாபனத்தார் இத்தகைய வகுப்புகளை இரகசியமாக விசாரித்தார்கள். குட்டிகளுக்குத் தண்ணீர் கொடுக்காமலும், அவற்றைத் தூங்க விடாமலும் வைத்திருந்தது அம்பலமாயிற்று. அந்நாட்டு ஜீவகாருண்ய சங்கத்தார் இந்த வழக்கத்தைக் கண்டித்தார்கள். 2024-ல் இத்தாலி தேசத்துச் சுகாதார மந்திரி சபை அலுவலகம் யோக வகுப்புகளில் குட்டிகளைப் பயன்படுத்தக் கூடாது, வளர்ந்த பிராணிகளையே அனுமதிக்கலாம் என்று உத்தரவிட்டது. நம் நாட்டில் 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டம் இருக்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. சட்டம் இருக்கட்டும். யோகம் என்ன சொல்கிறது?

பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு அங்கங்கள் வகுத்தார். ஆசனம் அவற்றில் மூன்றாவதுதான். முதல் அங்கம் யமம். யமத்திலும் முதலாவது அஹிம்சை. மகாத்மா காந்தி ஒரு தேசத்தையே எந்தச் சொல்லின் மேல் நிறுத்தப் பார்த்தாரோ, அதே சொல். முதற்படியில் ஒரு குட்டியின் தூக்கத்தை மிதித்துவிட்டு மூன்றாம் படியில் போய் நின்று ஆசனம் செய்வதற்கு என்ன பெயர் கொடுப்பது? தேகாப்பியாசம் என்று வேண்டுமானால் சொல்லலாம். யோகம் என்று சொல்லக் கூடாது. இதை நான் பிறருக்குச் சொல்லும்போது, மணியின் கால்களைப் பிடித்துத் தூக்கிய என் கைகளையும் பார்த்துக்கொண்டுதான் சொல்லுகிறேன்.

மகாப்பிரஸ்தானத்தின் முடிவில் தருமபுத்திரர் இமயத்தில் தனியாக நிற்கிறார். தம்பிமாரும் திரௌபதியும் வழியிலேயே வீழ்ந்துவிட்டார்கள். கூட வந்த நாய் ஒன்றுதான் மிச்சம். இந்திரன் ரதத்துடன் வந்து, நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுச் சுவர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். பிறகுதான் அந்த நாய் தரும தேவதையே என்பது தெரிகிறது. சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம், நாய் கடைசியில் தேவதையாக மாறுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும். இப்போது யோசித்துப் பார்த்தால், தருமர் அதை நாய் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில்தான் அந்தப் பதிலைச் சொன்னார் என்பது பெரிதாகத் தோன்றுகிறது.

வீட்டில் நாய் வளர்க்கும் வாசகர்களே! நாளைக் காலையில் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் முதுகுக்கு நன்மை உண்டாகும் என்பது நிச்சயம். நாய் வருமா வராதா என்பதை அதனிடமே விட்டுவிடுங்கள்.

தம்பி மகள் வாரத்துக்கு ஒரு முறை நியூயார்க்கிலிருந்து பேசுகிறாள். "மணி ஆசனமெல்லாம் ஒழுங்காகச் செய்கிறானா, பெரியப்பா?" என்று கேட்பாள். "அவன் செய்கிறான்; எனக்குத்தான் இன்னும் முழங்கால் மடங்கவில்லை" என்பேன். மாலை ஐந்து மணிக்கு மணி வழக்கம் போல வாசல் கேட்டுக்குப் போகிறான். அதை நான் மாற்ற முயலவில்லை. ஒரு மணையை எடுத்துக்கொண்டு நானும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கோயில் மணி அடிக்கிறது. தெருவில் யார் யாரோ போகிறார்கள். ஏழு மணிக்கு இரண்டு பேரும் எழுந்து உள்ளே வருகிறோம்.